சாமிக் கல்லும் அளவுநாடாவும்

நெடுந்தீவில் ஒரு கல் வளர்கிறது என்கிறார்கள். குறிகட்டுவான் துறையில் படகேறி, ஒரு மணித்தியாலம் கடலில் ஆடிப் போய் இறங்கினால், கோட்டை, பெருக்குமரம், கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகள் என்று காட்டிக்கொண்டு வரும் ஓட்டோக்காரர் அந்தக் கல்லடியிலும் நிறுத்துவார். நான் போன அன்று அங்கே ஒரு வயதான அம்மா கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

“நான் சின்னனா இருக்கேக்க இது இவ்வளவு உயரமில்லைத் தம்பி. இப்ப பாருங்கோ.”

“ஆராவது அளந்து பாத்தவையோ, அம்மா?”

“சாமியை ஆர் தம்பி அளக்கிறது?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அது அவருக்குப் புரியாத கேள்வியாய் இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. ஏனென்றால் மறுபக்கத்தில் நிற்பவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொல்வார்கள்: “கல்லாவது வளர்வதாவது, இதையெல்லாம் ஆர் அளக்கிறது?” ஒருவருக்கு அது சாமி, மற்றவருக்கு அது மூடநம்பிக்கை. அளவுநாடாவை இருவருமே எடுப்பதில்லை.

‘இயற்கைக்கு அப்பால் எதுவும் இல்லை’ என்று சத்தியம் செய்துகொண்டுதான் அறிவியலுக்குள் காலடி வைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பக்தர்களில் சிலர் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்கிறார்கள். அறிவியலை நேசிப்பவர்களில் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். இரண்டு தரப்போடும் எனக்கு உடன்பாடில்லை.

கல்லையே எடுத்துக்கொள்வோம். அறுபது வருடத்தில் ஒரு அடி வளர்ந்தது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 5 மில்லிமீற்றர், பத்து வருடத்தில் 5 சென்ரிமீற்றர். தையற்காரரின் நாடாவே அதைக் காட்டிவிடும். ஆனால் எங்கிருந்து அளப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கல்லைச் சுற்றியிருக்கும் மண்ணை மாரி மழை அரித்துக்கொண்டு போனால், சோளகம் வாரிக்கொண்டு போனால், கல் அசையாமலே உயரும். தரையிலிருந்து அளப்பவருக்குக் கல் வளர்ந்திருக்கும், பக்கத்துப் பாறையில் அடித்த ஆணியிலிருந்து அளப்பவருக்கு நிலம் தாழ்ந்திருக்கும். போதாததற்கு, சுண்ணாம்புக்கல் மழையில் கரையவும் செய்யும். மழைநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு மென்மையான அமிலமாக விழுகிறது. அதே சுண்ணாம்பு நீரில் கரைந்து வந்து, நீர் ஆவியான பிறகு இன்னொரு கல்லின்மேல் பொருக்காகப் படியவும் கூடும். ஆகவே கல் தேய்கிறதா, வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை வீட்டிலிருந்தபடி எவரும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

கற்களைப் பற்றிப் படித்தவர்கள் ஏமாந்த கதை உண்டு. வானத்திலிருந்து கல் விழுந்தது என்று நாட்டுப்புறத்தவர் சொன்னதை ஐரோப்பாவின் அறிஞர் பலர் நீண்ட காலம் கட்டுக்கதை என்றே தள்ளினார்கள். 1803 ஏப்ரல் 26ஆம் திகதி பிரான்சின் லேகிள் என்ற ஊர்ப்பக்கம் ஆயிரக்கணக்கான கற்கள் கொட்டின. ஜான் பாட்டிஸ்ட் பியோ என்ற இளம் இயற்பியலாளர் அங்கே போய் ஊர் ஊராக விசாரித்து, கற்கள் விழுந்த இடங்களை வரைபடத்தில் குறித்துக் கொடுத்த அறிக்கைதான் பலரை மாற்றியது. ஊர்ச்சனம் சொன்னதே உண்மை. அது நடக்கவே முடியாது என்ற முடிவோடு பியோ வண்டியேறியிருந்தால் விண்கல்லின் கதை இன்னும் தாமதித்திருக்கும்.

நெடுந்தீவில் நடக்கும்போது இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தத் தீவின் வளவு மதில்கள் சாந்து இல்லாமல் அடுக்கிய முருகைக்கல். கோட்டைச் சுவரும் அதே கல்தான். முருகைக்கல் ஒரு காலத்தில் உண்மையாகவே வளர்ந்த கல். நகக்கண் அளவுகூட இல்லாத பவளப்பூச்சிகள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தம்மைச் சுற்றிக் கூடு கட்டி, தலைமுறை மேல் தலைமுறையாக எழுப்பியது. உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளரும். அதை அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் மரத்தின் வளையம் போல வருடவரிகள் தெரியும். மதிலில் கிடக்கும் கல்லொன்றைத் தூக்கிப் பார்த்தால், பூப்பூவாய் அதன் துளைகள். கல் வளரும் என்ற பேச்சு இந்தத் தீவில் பிறந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

இனி, சாமியை நம்பியவர்களே கணக்கைச் சோதித்துப் பார்த்த ஒரு கதைக்காக, வேலணைத் தீவுக்கு எதிரே கடல்நீருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அராலிக்கு வருவோம். அங்கே விசுவநாத சாஸ்திரியார் என்ற பஞ்சாங்க கணிதர் இருந்தார். பக்கத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனின் செமினரி. அதன் அதிபர் டானியல் பூவர். 1829 மார்ச் 20ஆம் திகதி வரவிருந்த சந்திரகிரகணத்துக்குச் சாஸ்திரியார் குறித்த கணக்கும், ஐரோப்பிய முறையில் பூவர் போட்ட கணக்கும் ஒத்துப்போகவில்லை. இது ஊரெல்லாம் பரவி, அன்றிரவு சனம் கூடிவிட்டது. பூவரின் கணக்கே பொருந்தியது என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. புராணத்தின் மேருவும் ஏழு கடலும் அன்று தோற்றன, இனி எங்கள் வேதம் வெல்லும் என்று மிஷனரிமார் நம்பினார்கள்.

சாஸ்திரியாரின் மரபை லேசாக எண்ணிவிடக் கூடாது. 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்க கணிதர், ஜோன் வாரன் என்பவருக்கு முன்னால் தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லி, ஒரு எண்கூட எழுதாமல் அந்த வருடத்துச் சந்திரகிரகணத்தைக் கணித்தார். தொடக்கம் நான்கு நிமிடம்தான் பிசகியது. முடிவு 52 நிமிடம் பிசகியது. சந்திரனின் ஓட்டத்தை 248 வாக்கியங்களில் எழுத்தாக மாற்றி மனனம் செய்துவைத்த வாக்கிய முறை அது. யாழ்ப்பாணத்தில் இன்றும் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சித்திரை வருடப்பிறப்புக்கு இருவேறு நேரம் குறிக்கின்றன. எங்கள் வீடுகளில் மருத்துநீர் வைப்பதற்கு முன் ‘எந்தப் பஞ்சாங்கம்?’ என்று கேட்பது வழக்கம்.

அந்த மார்ச் இரவுக்குக் கணக்குப் போட்ட இருவரையும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் சிவனை நம்பியவர், மற்றவர் கிறிஸ்துவை. இயற்கை மட்டுமே உண்டு என்று சொல்லக்கூடியவர் அந்த இருவரில் எவரும் இல்லை. ஆனாலும் நிலவில் நிழல் எப்போது ஏறும் என்பதை நிலவிடமே விட்டுவிட இருவருக்கும் முடிந்தது. சாஸ்திரியாரின் கணக்கில் ராகு பாம்பாக வாய் திறக்கவில்லை, அது சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் ஒரு புள்ளி. பூவரின் கணக்கில் கர்த்தரின் சித்தம் ஒரு வரியாக இடம்பெறவில்லை. பூவர் எண்ணியதற்கு மாறாக, வென்ற கணக்கு அவருடைய வேதத்துக்கும் சாட்சி சொல்லவில்லை. அந்த செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை, பின்னாளில் சைவராகத் தொல்காப்பியம் பதிப்பித்தார். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். இருவரும் அதே வகுப்பறைகளிலிருந்து வந்தவர்கள்தான்.

சரி, கடவுளை நம்பாதவர் என்ன செய்தார்? திருவல்லாவில் 1898இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்த ஆபிரகாம் கோவூரை இங்கே பழைய தலைமுறை நன்றாக அறியும். இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றலை ஏமாற்ற முடியாத நிபந்தனைகளின் கீழ் காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் அறிவித்தார். உறையில் மூடிய பணத்தாளின் இலக்கத்தை வாசிக்கலாம், தண்ணீரின்மேல் நடக்கலாம், ஒன்றைச் செய்தால் போதும். 1978இல் அவர் இறக்கும் வரை எவரும் அதை வெல்லவில்லை.

அந்தப் பட்டியலில் ஒரு நிபந்தனை என்னை எப்போதும் ஈர்க்கும்: எரியும் தணலில் அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நடக்கச் சொல்லவில்லை, நிற்கச் சொல்கிறார். ஏன்? சூடான போறணைக்குள் கையை விட்டால் உள்ளிருக்கும் காற்றும் தட்டும் ஒரே வெப்பநிலைதான். காற்று உடனே சுடுவதில்லை, தட்டைத் தொட்டால் தோல் உரியும். இரும்பு வெப்பத்தை வேகமாகக் கடத்துகிறது. மரத்தணலும் அதன்மேல் பூத்த சாம்பலும் மிக மெதுவாகக் கடத்துகின்றன. ஒவ்வோர் அடியிலும் பாதம் தணலில் படுவது ஒரு விநாடிக்கும் குறைவு. அதனால் நடப்பவரின் கால் பெரும்பாலும் தப்பும், நிற்பவரின் கால் தப்பாது. தன் பிள்ளைக்காக நேர்ந்து தீமிதிக்கும் தாயின் காலில் ஏன் கொப்புளம் இல்லை என்பதற்கு இது பதில். அம்மன் அவள் குரலைக் கேட்டாளா என்பதற்கு இது பதிலே இல்லை, மறுப்பும் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரிப்பவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

கோவூர் தம் வாழ்நாள் முழுதும் இயற்கை மட்டுமே உண்டு என்றவர். ஆனால் அவருடைய பந்தயம் அந்தக் கொள்கையின்மேல் நிற்கவில்லை. தணலில் ஒருவர் அரை நிமிடம் நின்று காட்டினால் பணத்தை எண்ணி வைக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் உனக்கும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும், ஆளுக்கு ஆள் நிபந்தனை மாறக் கூடாது, பிழை என்று தெரிந்தால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பவைதான் அதற்குத் தேவைப்பட்டன. 2006இல் அமெரிக்காவில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து, பிறர் செய்யும் பிரார்த்தனை பலிக்கிறதா என்று பார்த்த ஆய்வு வெளியானது. பலித்ததாகத் தெரியவில்லை. பிரார்த்தனை பொய் என்று முன்கூட்டியே சத்தியம் செய்தவர்கள் இப்படியோர் ஆய்வைத் தொடங்கியே இருக்க மாட்டார்கள்.

இந்த வாதம் எங்கள் தீவுகளுக்குப் புதியதும் அல்ல. மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் நயினாதீவுதான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அதே மணிமேகலை காப்பியத்தின் 27ஆம் காதையில் வஞ்சி நகரில் பல சமயத்தவரையும் கேட்டுக்கொண்டு போகிறாள். அங்கே பூதவாதி ஒருவன் வருகிறான். பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் கள்ளின் வெறி பிறப்பது போல, பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கிறது என்கிறான். கண்ணால் காண்பதே மெய் என்கிறான். இன்றைக்கும் பழசாகாத வாதம். அவள் திருப்பிக் கேட்கிறாள்: உன் தாயும் தகப்பனும் இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்?

பூமியின் நிழல் வான்வெளியில் கூம்பாக நீண்டு கிடப்பதை அந்தக் கிரகண இரவில் நின்ற எவரும் கண்டதில்லை. நிலவின்மேல் விழுந்த வளைந்த விளிம்பிலிருந்து அனுமானித்தார்கள். இயற்கை மட்டுமே உண்டு என்பதும் ஓர் அனுமானம். சோதித்துச் சோதித்து அந்த முடிவுக்கு வந்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் கல்லை அளக்கப் போகிறவரின் பையில் அது இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஆணியைச் சாமிக் கல்லில் அடிக்க வேண்டியதில்லை. நாலு முழம் தள்ளி, தரையோடு தரையாகக் கிடக்கும் பாறையில் ஒரு செப்பாணி போதும். மட்டக்கோல் ஒன்று, நாடா ஒன்று, திகதி எழுத ஒரு கொப்பி. செருப்பைக் கழற்றிவிட்டு நாடாவின் ஒரு நுனியை நான் பிடிப்பேன். மற்ற நுனியை அந்த அம்மா பிடிக்கச் சம்மதித்தால், கும்பிட்டு முடிந்த பிறகு தொடங்கலாம்.