வெயிலில் ஓடக் கிளம்பும் பிள்ளைகளுக்கும் அவர்களுடன் போகிறவர்களுக்கும்



நம் மஹல்லா இளைஞர்கள் நான்கு பேர் அலுவலகத்துக்கு வந்து, மே மாதம் மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஓடப் போகிறோம், பனியன் செலவுக்கு டிரஸ்ட் உதவ வேண்டும் என்று கேட்டார்கள். அக்னி நட்சத்திரத்திலா என்றேன். "சூஃபியா கான் ஓடவில்லையா?" என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அஜ்மீரைச் சேர்ந்த அந்தச் சகோதரி டெல்லி விமான நிலையத்தில் வேலை பார்த்தவர். 2019 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரில் கிளம்பி 87 நாட்களில் கன்னியாகுமரி சேர்ந்தார். சுமார் 4,000 கிலோமீட்டர். பிறகு 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை, டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலையில் 6,002 கிலோமீட்டரை 111 நாட்களுக்குள் ஓடினார். கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் கொல்கத்தா சாலை அந்த நாற்கரத்தின் ஒரு பகுதி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 54 கிலோமீட்டர்! ஆனால் அவர் தனியாக ஓடவில்லை. துணை வண்டி ஒன்று கூடவே போனது. நம் பிள்ளைகளின் திட்டத்தில் பனியன் இருந்தது, வண்டி இல்லை.

வண்டி எதற்கு? காற்று 40 டிகிரி இருக்கும்போது தார் சாலை 60 டிகிரியைத் தாண்டும். மேலிருந்தும் கீழிருந்தும் சூடு. வேர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் பக்கத்துப் புழுக்கத்தில் அது சீக்கிரம் உலராது. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வேர்வை போகலாம், அதோடு உப்பும் போகும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்து, தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு வரை போகும். எனவே தாகத்துக்குக் குடியுங்கள், ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட மோர், கஞ்சி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். (நம் நோன்புக் கஞ்சியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், உப்பு, மாவுச்சத்து, தண்ணீர் மூன்றும் அதில் இருக்கிறது.) ஓடும் முன்பும் இடையிலும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

துணைக்குப் போகிறவர் இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்னால் போய் நிழலில் நிற்க வேண்டும். ஐஸ் பெட்டி, ஈரத் துண்டு, மாற்றுக் காலுறை கையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை, ஓட்டத்தை நிறுத்துவது. சூடு தலைக்கேறியவருக்குத் தன் நிலை தெரியாது. "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவருடைய தெருப் பெயரைக் கேளுங்கள், ஒரு சின்ன சூரா ஓதச் சொல்லுங்கள். தடுமாறினால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. வேர்வை வந்துகொண்டிருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ஓடுபவருக்கு வேர்வை கொட்டும்போதே வெப்ப அதிர்ச்சி வரலாம். உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாட்கள் வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. இரவு ஷிஃப்ட் முடித்து வந்த காலையிலும், காய்ச்சல் விட்ட வாரத்திலும், சுன்னத் நோன்பு வைத்த நாளிலும் ஓட வேண்டாம். லாரி செட்டில் மூட்டை தூக்கும் நம் சகோதரர்களுக்கும் மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும். அவர்களுக்குத் துணை வண்டி கிடையாது. பக்கத்தில் வேலை செய்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளிடம் பேசி முடிவு செய்திருக்கிறோம். பனியனுக்குப் பணம் இல்லை. வண்டி வாடகையை டிரஸ்ட் தரும். ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பி, காலை 9 மணிக்கு எங்கே இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். மீதியை மறுநாள் ஓடலாம். துணைக்குப் போகும் இருவரில் ஒருவர் வீட்டுப் பெரியவராக இருக்க வேண்டும். எடை பார்க்கும் மெஷினும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளும் இந்த ஜும்ஆவிலிருந்து அலுவலகத்தில் இருக்கும், இன்ஷா அல்லாஹ். ஓடாதவர்களும் வாங்கிப் போகலாம்.

செயலாளர்