உஷார்! கேரவன் வாங்கியாச்சா? கொக்கி மாட்டும் முன் இதைப் படியுங்கள்!

பிரிட்டனில் கோடை பிறந்தால் மோட்டார்வே எங்கும் கார்களின் பின்னால் வெள்ளைக் கேரவன்கள் வரிசைகட்டும். ஓட்டல் வாடகை கட்டுப்படியாகாத குடும்பங்கள் பழைய கேரவன் ஒன்றை வாங்கி, பிள்ளைகளோடு வேல்ஸ், கார்ன்வால் என்று கிளம்பிவிடுகின்றன. ஆசை நல்லதுதான். ஆனால் முதன்முறை வாங்குபவர்களின் பணம் எதில் போகிறது? மடக்கு நாற்காலி, டி.வி., வண்ண விளக்கு, வாசலில் இழுத்துக் கட்டும் கூடாரம். உயிர்காக்கும் சாமான்கள் மட்டும் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்!

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பிரிட்டனில் கார்களுக்கு எம்.ஓ.டி. என்ற ஆண்டுச் சோதனை உண்டு. அந்தக் கார் இழுத்துப் போகும் கேரவனுக்குக் கிடையாது. 1997 முதல் கார் லைசென்ஸ் வாங்கியவர்கள் கனமான கேரவனை இழுக்கத் தனித் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அதுவும் நீங்கிவிட்டது. சாதாரண கார் லைசென்ஸை வைத்தே 3,500 கிலோ வரை இழுக்கலாம். ஆக, வண்டியையும் யாரும் சோதிப்பதில்லை, ஓட்டுபவரையும் யாரும் சோதிப்பதில்லை. அந்தப் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான். அதற்கு வேண்டிய கருவிகள்தான் உங்கள் முதல் செலவாக இருக்க வேண்டும்.

வாசனையே இல்லாத விஷம்

பட்டியலில் முதலிடம் கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு. இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கேஸோ கரியோ டீசலோ சரியாக எரியாத இடத்தில் எல்லாம் இது உருவாகும். கேரவனோ சின்னஞ்சிறு அறை. ஆபத்தான அளவை எட்ட அதிக நேரம் பிடிக்காது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வெளியேறிய கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது.

பிரிட்டனில் இந்த ஆபத்து பார்பிக்யூ அடுப்பின் உருவத்தில் வரும். மழை தூறுகிறது என்று அடுப்பைத் தூக்கிக் கூடாரத்துக்குள் வைப்பார்கள். சமையல் முடிந்ததும், அணைந்துவிட்டதாக நினைத்துக் குளிருக்கு இதமாக உள்ளேயே விட்டுவிடுவார்கள். கூடாது! தணல் ஆறிப்போனதுபோல் தெரிந்தாலும் கரி மணிக்கணக்கில் விஷத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வதும் ஆபத்துதான்.

அலாரம் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் ‘ஈஎன் 50291-2’ என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். கேரவன், படகு போன்றவற்றுக்கான தரம் அதுதான், 50291-1 வீடுகளுக்கானது. உள்ளே இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் சாப்பாட்டின் மீது பழி போடாதீர்கள். உடனே எல்லோரும் வெளியேறி 999-க்கு அழையுங்கள். புகை அலாரம், தீயணைப்புப் போர்வை, தீயணைப்பான் மூன்றும் இதோடு சேர்ந்தே வர வேண்டும்.

தரையில் தேங்கும் கேஸ்

புரொபேன், பியூட்டேன் இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையில் படுத்துக்கொள்ளும். அது வெளியேறத்தான் கேரவனின் தரையில் துளைகள் விட்டிருக்கிறார்கள். குளிர்காற்று வருகிறது என்று துணியை அடைத்து அந்தத் துளைகளை மூடுவது, வெடிவிபத்துக்கு நாமே வழிசெய்வதாகும். ரப்பர் ஹோஸில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். பழசாக இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை நெருங்கினாலே வாயுவாக மாறத் திணறும். புரொபேன் மைனஸ் 42 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். குளிர்காலப் பயணத்துக்குப் புரொபேன்தான் சரி. வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்க வேண்டும்.

எடை தவறினால் பாம்பாகிவிடும்

நெடுஞ்சாலையில் கேரவன் இடவலமாக நெளிந்து காரையே புரட்டிவிடுவதுண்டு. பெரும்பாலும் எடைதான் காரணம். பாரம் ஏற்றிய கேரவனின் எடை, காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது புதியவர்களுக்கு அங்குள்ள கேரவன் அமைப்புகள் சொல்லும் அறிவுரை. காரின் எடை 1,500 கிலோ என்றால் கேரவன் 1,275 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது, கொக்கியின் மேல் இறங்கும் எடை. இது கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். 1,200 கிலோ கேரவனுக்கு 60 முதல் 84 கிலோ. உங்கள் காரும், கொக்கி பொருத்தும் டோபாரும் தாங்கும் அளவு இதைவிடக் குறைவென்றால் அந்தக் குறைந்த அளவே எல்லை. இதை அளக்கத் தனிக் கருவி கிடைக்கிறது. அதை வாங்காமல் கண்மதிப்பில் பாரம் ஏற்றாதீர்கள். கனமான சாமான்களை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு வையுங்கள். மீறி நெளிய ஆரம்பித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள்.

கம்பி, சக்கரம், கண்ணாடி

காரும் கேரவனும் ஓட்டத்தில் பிரிந்துவிட்டால், கேரவனின் பிரேக்கை இழுத்து நிறுத்துவது ‘பிரேக்அவே கேபிள்’ என்ற மெல்லிய கம்பிதான். அதை மாட்டுவது சட்டப்படி கட்டாயம். பிரி விட்டிருந்தால் அன்றே மாற்றுங்கள். தரையில் உரசாதபடி, அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்டுங்கள்.

டயரில் பட்டன் தேயவில்லை என்று ஏமாறாதீர்கள். மாதக்கணக்கில் நின்றபடியே கேரவன் டயர் கெட்டுப்போகும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. ஐந்து ஆண்டில் மாற்றுவது நல்லது. ஏழைத் தாண்டவே கூடாது. நட்டுகளைக் கைக்குத் தோன்றியபடி முறுக்காமல், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்குங்கள்.

கேரவன் காரைவிட அகலமென்றால் நீட்டிப்புக் கண்ணாடி வேண்டும். இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் 3 புள்ளிகள் வரையும் விழலாம்.

சுருட்டிய ஒயரில் தீ

முகாமில் மின்சாரம் எடுக்க 25 மீட்டர் ஹூக்-அப் கேபிள், 2.5 சதுர மி.மீ. குறுக்குவெட்டுப் பரப்பில் தேவை. வீட்டு எக்ஸ்டென்ஷன் ஒயர் அந்த வேலைக்கு ஆகாது. பாதிதான் தேவைப்பட்டாலும் முழுவதையும் பிரித்துப் போடுங்கள். சுருளாகவே விட்டால் சூடேறி உருகும். முதலில் கேரவனில் சொருகி, பிறகு முகாமின் கம்பத்தில் சொருகுங்கள். கழற்றும்போது கம்பத்தில் முதலில் கழற்றுங்கள். வந்திறங்கியதும் கேரவனுக்குள் இருக்கும், மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி.யின் சோதனைப் பட்டனை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் துண்டிக்கப்படவில்லை என்றால் அதைச் சரிசெய்யும்வரை இணைப்பே வேண்டாம்.

தண்ணீர் உருளை, கழிவறை ரசாயனம், மட்டம் பார்க்கும் கருவி, திருட்டைத் தடுக்கும் கொக்கிப் பூட்டு, சக்கரப் பூட்டு ஆகியவையும் அவசியமே. ஆனால் இவற்றில் ஒன்று இல்லாவிட்டால் பயணம் கெடும். மேலே சொன்னவற்றில் ஒன்று இல்லாவிட்டால் உயிரே போகலாம்.

எனவே, பழைய கேரவனுக்கு விலை பேசும்போதே இந்தச் சாமான்களுக்கும் டயருக்கும் சர்வீஸுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிவிடுங்கள். கையில் மிச்சம் இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அலாரம் இல்லாத கேரவனில் ஒரே ஓர் இரவுகூடப் பிள்ளைகளைத் தூங்க வைக்காதீர்கள்!