ஸ்டென்ட் வெச்சாச்சு... சிங்கப்பூர் போகலாமா?

"மாப்ளே, ஏறலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க!"

பம்மல் வீட்டு மொட்டை மாடி. மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானத்தை அண்ணாந்து பார்த்தபடி கேட்டார் மாமனார். செவ்வாய்க்கிழமைதான் ஸ்டென்ட் வைத்தார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை சிங்கப்பூர் டிக்கெட். அங்கே சின்ன மகளுக்கு நிறைமாசம்.

தெருவே டாக்டராகிவிட்டது. "ஆறு மாசம் மூச்!" என்றார் எதிர் வீட்டுக்காரர். "மேலே போனா ஸ்டென்ட் நகர்ந்துடும்," "செக்யூரிட்டி கதவு கத்தும்" என்று ஆளுக்கொன்று. பி.காம். படித்த நான் கேன்சலேஷன் சார்ஜைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சிரித்தார். "ஸ்டென்ட் நகராது சார். மாரடைப்பு வந்து வெச்சதா, வராம முன்கூட்டியே வெச்சதா... அதுதான் விஷயம்."

விமானம் 30,000 அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலையில் இருக்கிற மாதிரிதான். கிட்டத்தட்ட ஊட்டி! ஆக்ஸிஜன் கொஞ்சம் குறையும். தேறிய இதயம் சமாளிக்கும், புண்பட்டது திணறும்.

பிரிட்டிஷ் இதய மருத்துவர்கள் சங்கம் 2010-ல் சொன்ன கணக்கு: சிக்கலில்லாத, திட்டமிட்ட ஸ்டென்ட் என்றால் 2 நாள் போதும். மாரடைப்பு என்றால், லேசானதற்கு 3 நாள், நடுத்தரத்துக்கு 10 நாள். இதயம் பலவீனமென்றால் நிலைமை சீராகும்வரை பயணமே கிடையாது. பைபாஸுக்கும் 10 நாள். மார்பைத் திறந்தபோது உள்ளே தங்கிய காற்று, உயரே போனால் சுமார் 30 சதவீதம் விரியுமாம். (விமானக் கம்பெனிகள் இதைவிடக் கூடுதலாகவும் கேட்கலாம்.)

1977-ல் ஜூரிச்சில் இதய ரத்தக்குழாயில் முதல் ஆஞ்சியோபிளாஸ்டி செய்த டாக்டர் குருன்ட்சிக், தானே விமானம் ஓட்டுவார். 1985-ல் விமான விபத்தில்தான் இறந்தார். இதை மாமனாரிடம் நான் சொல்லவில்லை!

அவருக்கு மாரடைப்பு வரவில்லை. "ஒரு மாடி ஏறினா மூச்சு வாங்குதா, நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டார் டாக்டர். மொட்டை மாடி கைகொடுத்தது. பாஸ்!

"ஏர்லைன்ஸ்காரன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்று முரண்டு பிடித்தார். இங்கேதான் என் பி.காம். விழித்தது. "மாமா, இதை மறைச்சு இன்ஷூரன்ஸ் எடுத்து, அங்கே ஏதாவது ஆனா, க்ளெய்மைத் தள்ளிடுவான். ஆஸ்பத்திரி பில்லு டாலர்ல வரும்!" டாலர் என்றதும் அடங்கினார். டாக்டர் கையெழுத்தோடு மெடிக்கல் ஃபாரம் போனது. மாத்திரைகள் பெட்டியில் இல்லாமல் கைப்பையில். பெட்டி தூக்க நான். விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும் என்று மாமியாருக்கு உத்தரவு.

வியாழக்கிழமை உள்ளே போனதும் போன் வந்தது.

"மாப்ளே, கதவு கத்தலே. உங்க மாமியாரோட மிளகாய் ஊறுகாய் பாட்டில்தான் மாட்டிக்கிச்சு!"