அட்சரகணித வகுப்பும் இணையவழிக் கருவிகளும்

எண்கணிதத்தை ஓரளவு எளிதாகக் கடந்துவரும் மாணவர் பலர் அட்சரகணிதத்தின் வாயிலிலே தயங்கி நிற்கின்றனர். எண் நின்ற இடத்தில் எழுத்து வந்து நிற்கும்பொழுது, அவ்வெழுத்து எதனைக் குறிக்கின்றது என்னும் தெளிவு பிறவாமையே இத்தயக்கத்துக்குப் பெரிதுங் காரணமாகும். இவ்விடத்திற் பின்தங்கிய மாணவனுக்குப் பௌதிகமும் பொறியியலும் எட்டாக் கனிகளாகிவிடுகின்றன. ஆதலின், இன்று இணையத்தில் மலிந்துள்ள கற்றற் கருவிகள் வகுப்பறைக் கற்பித்தலுடன் எவ்வாறு இணைதல் வேண்டுமென ஆராய்தல் பயனுடைத்து.

இக்கருவிகளுட் சில காட்டுவன, சில பயிற்றுவன. காட்டுவனவற்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, ஆஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் என்பார் 2001ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜிப்ரா ஆகும். ர = 2ய + 3 என்னும் சமன்பாட்டின் வரைபை அதில் இட்டு, 2ஐ 5 ஆக மாற்றினால் நேர்கோடு மேலும் நிமிர்கின்றது; 3ஐ மாற்றினால், சாய்வு மாறாமல் மேலோ கீழோ நகர்கின்றது. கரும்பலகையிற் பல வரைபுகளை வரைந்து விளக்கவேண்டிய இவ்வுண்மையை மாணவன் நொடிப்பொழுதிற் கண்ணாற் காண்கின்றான்.

பயிற்றுவனவற்றுள் நன்கு ஆராயப்பட்டது, ஐக்கிய அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகிய 'கொக்னிற்றிவ் ரியூற்றர்' என்னும் மென்பொருளாகும். அதன் வழிவந்த மென்பொருள் இன்று இணையத்தின்வழி வழங்கப்படுகின்றது. மாணவன் கணக்கைச் செய்யும்பொழுது ஒவ்வொரு படியையும் அது நோக்குகின்றது. பிழை நேர்ந்தவிடத்து உடனே உணர்த்துகின்றது. வேண்டுமாயின் குறிப்புத் தருகின்றது. நாற்பது கொப்பிகளை இரவிலே திருத்தும் ஆசிரியருக்கு இயலாத விரைவு இது.

எனினும், பிழையை உணர்த்துதல் வேறு. பொருளை உணர்த்துதல் வேறு. (ய + 3)² என்பதை ய² + 9 என எழுதுதல் மாணவரிடையே பெரிதுங் காணப்படும் பிழை. 'பிழை' எனக் கணினி கூறியதும் அவன் குறிப்பை நாடுவான். அடுத்தடுத்துக் குறிப்புகளைக் கேட்டு, இறுதியில் விடையையே பெற்றுவிடுதலும் உண்டு. இவ்வாறு கருவியை ஏய்த்து முன்னேறும் மாணவர் குறைவாகவே கற்கின்றனர் என்பதை அம்மென்பொருளைப் பற்றிய ஆய்வுகளே எடுத்துக்காட்டியுள்ளன. இங்கேதான் ஆசிரியர் வேண்டப்படுகின்றார். "யவுக்கு 1ஐ இட்டுப் பார்" என்பார் அவர். ஒருபுறம் 16உம் மறுபுறம் 10உம் வரக்கண்டு மாணவன் திகைப்பான். பின்னர், பக்கம் ய + 3 ஆகவுள்ள சதுரமொன்றை வரைந்து நான்கு துண்டாக்கினால், ய², 9 ஆகிய இரு சதுரங்களோடு 3ய பரப்புடைய செவ்வகங்கள் இரண்டும் இருத்தல் புலனாகும். ய² + 6ய + 9 என்னும் விடை அப்பொழுது மனனஞ் செய்த சூத்திரமாகாது, கண்டறிந்த உண்மையாகின்றது.

இவ்விரண்டையும் இணைப்பதாற் பயன் உண்டா? இதனை அறிய ஐக்கிய அமெரிக்காவின் 7 மாநிலங்களில் 73 உயர்நிலைப் பள்ளிகளிலும் 74 இடைநிலைப் பள்ளிகளிலும் ராண்ட் நிறுவனத்தார் நடத்திய ஆய்வு 2014இல் வெளியாயிற்று. வாரத்தின் ஐந்து பாடவேளைகளுள் மூன்று வகுப்பறையிலும் இரண்டு கணினியிலுமாக நடைபெறுதலே அப்பாடத்திட்டத்தின் அமைப்பு. முதலாம் ஆண்டிற் பயன் எதுவும் புலப்படவில்லை. இரண்டாம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகளில் நல்ல முன்னேற்றம் காணப்பட்டது: நூறு மாணவரைத் தர வரிசையில் நிறுத்தினால், 50ஆம் இடத்தவன் 58ஆம் இடத்துக்கு உயர்வதற்கு ஒப்பான முன்னேற்றம் அது. இடைநிலைப் பள்ளிகளிலோ உறுதியான முடிவு கிட்டவில்லை.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது யாதெனின், இரண்டாம் ஆண்டில் அட்சரகணிதம் பயின்றோர் புதிய மாணவர், மென்பொருளோ முன்னையதே. ஆகவே, ஆசிரியரும் பள்ளியும் அம்முறையோடு பழகியமையே வேறுபாட்டுக்குக் காரணமென்று கருத இடமுண்டு. புதுக்கருவியை வாங்கிய ஆண்டிலேயே பெறுபேற்றை எதிர்பார்த்து, அது கிட்டாவிடின் ஒதுக்கிவிடும் பள்ளி, விதைத்த மறுநாளே அறுவடையை நாடும் உழவனை ஒக்கும்.

ஆகவே, வேலையைப் பிரித்துக்கொள்ளுதலே இணைப்பின் உயிர்நாடி. திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய பயிற்சியைக் கருவியிடம் விடலாம். மாணவர் எந்தப் படியில் இடறினர் என்று அது காட்டும் பதிவை ஆசிரியர் மறுநாட் பாடத்துக்கு முன் படித்தல் வேண்டும். பலரும் இடறிய அவ்விடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குதல் வேண்டும். அவ்வாறு செய்யுமிடத்து, திருத்துதலிற் கழிந்த நேரம் விளக்குதற்குக் கிடைக்கின்றது. கருவி ஆசிரியருக்கு அளிக்கும் மிகப்பெரிய கொடை இந்நேரமே. அதனை அவர் எவ்வாறு செலவிடுகின்றார் என்பதிலேயே மாணவனது கணித அறிவு தங்கியுள்ளது.