பெருக்கிக்கு முன் ஒரு பொருத்தம்

சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொலைவில் உள்ள ஊர்களில் அதைப் பார்க்க விரும்பியோர் உயர்ந்த கம்பத்தின் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டினர். ‘பூஸ்டர்’ என்னும் சிறு பெருக்கியையும் அங்கேயே பொருத்துவதுண்டு. மேல்பட்டாம்பாக்கத்தின் வெயிலிலும் மழையிலும் அது ஏன் கம்பத்தின் மேல் கிடக்க வேண்டும்? வீட்டிற்குள் வைத்தால் ஆகாதா?

விடை காண, முதலில் டிரான்சிஸ்டரின் குணத்தை அறிய வேண்டும். மூலத்தின் மின்மறுப்பும் பெருக்கியின் உள்ளீட்டு மின்மறுப்பும் ஒத்திருந்தால் திறன் முழுமையாகச் சேரும் என்று படித்திருக்கிறோம். (எதிர்வினைப்பகுதிகள் எதிர்க்குறியில் இருத்தல் வேண்டும்.) ஆனால் இரைச்சலின் கணக்கு வேறு. டிரான்சிஸ்டரின் இரைச்சலை, உள்ளீட்டில் தொடராக அமைந்த ஒரு மின்னழுத்தமாகவும், இணையாக அமைந்த ஒரு மின்னோட்டமாகவும் கொள்ளலாம். மூலத்தின் தடை மிகச் சிறிதாயின் முதலாவது ஓங்கும். மிகப் பெரிதாயின் இரண்டாவது ஓங்கும். இடையில் ஏதோ ஒரு மதிப்பில் இரைச்சல் மிகக் குறைவு. அம்மதிப்பு உள்ளீட்டு மின்மறுப்போடு ஒத்துப்போகும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை!

ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டெனா 50 ஓம். டிரான்சிஸ்டரின் உள்ளீடும் 50 ஓம் என்போம். நேரடியாக இணைத்தாலே திறன் பொருத்தம் கிட்டும். ஆயினும் இரைச்சல் குறைய அது 200 ஓம் மூலத்தை விரும்புகிறது. 326.5 மெகாஹெர்ட்ஸில், ஆண்டெனாவின் பக்கம் தொடராக 42 நானோஹென்றி கம்பிச்சுருளும், டிரான்சிஸ்டரின் பக்கம் இணையாக 4.2 பிக்கோஃபாரட் மின்தேக்கியும் வைத்தால், 50 ஓம் 200 ஓமாகத் தோன்றும். இப்போது திறனில் 100க்கு 64 பங்கே உள்ளே செல்லும். போகட்டும், இழந்த பெருக்கத்தை அடுத்த நிலையில் மீட்கலாம், சேர்ந்துவிட்ட இரைச்சலை எங்கும் பிரிக்க இயலாது.

பொருத்தும் சுற்றும் குற்றமற்றதன்று. அச்சுருளின் தரக்காரணி 50 எனில் அதன் தடை 1.7 ஓம். அது மட்டுமே சுமார் 10 கெல்வின் இரைச்சலைச் சேர்க்கும். ஆகவேதான் முதல் நிலைக்குத் தடித்த கம்பியில், உள்ளகம் இன்றிச் சுற்றிய சுருளை நாடுகின்றனர்.

இனிக் கம்பத்திற்கு வருவோம். பாதித் திறனை விழுங்கும் கேபிளையும், 50 கெல்வின் இரைச்சலுள்ள, நூறு மடங்கு பெருக்கும் பெருக்கியையும் எடுத்துக்கொள்வோம். கேபிள் முன்னால் வந்தால் அது 290 கெல்வினைச் சேர்ப்பதோடு, பெருக்கியின் பங்கையும் இரட்டிப்பாக்கும்; மொத்தம் 390. பெருக்கி முன்னால் வந்தால், கேபிளின் 290 நூறால் வகுபட்டு, மொத்தம் சுமார் 53 கெல்வின்தான். ஃப்ரீஸ் 1944இல் வெளியிட்ட வாய்பாடு கூறுவது இதுவே.

326.5 என்ற எண்ணைக் காரணத்தோடுதான் எடுத்தேன். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உதகையில் அமைந்து 1970இல் இயங்கத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கியின் அதிர்வெண் அது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்த எதிரொளிப்பான், ஏறத்தாழ 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவில், பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. அதன் குவியக்கோட்டில் 1056 இருமுனை ஆண்டெனாக்கள். 1990களின் தொடக்கத்தில் அவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குறை இரைச்சல் பெருக்கி பொருத்தப்பட்டது. கம்பத்தின் உச்சியில் செய்ததையே 1056 முறை செய்ததாகும். ஆனால் இங்கே எல்லாப் பெருக்கிகளின் கட்டமும் ஒத்திருக்க வேண்டும், இல்லையேல் விண்மீன்களின் குறிப்பலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும்.