வகுப்பறைக் காற்றும் வீட்டுத் தொட்டிலும்

தமிழில் ‘அம்மை’ என்னும் ஒரே சொல்லுக்குள் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை ஆகிய மூன்று வெவ்வேறு நோய்கள் அடங்கிவிடுகின்றன. பெரியம்மை ஒழிந்ததையும் சின்னம்மை பெரும்பாலும் தானே இறங்குவதையும் கண்ட குடும்பங்கள் தட்டம்மையையும் அவ்வரிசையிலேயே வைத்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் மணல்வாரி என்றும் மராத்தியில் கோவர் என்றும் வழங்கும் அந்நோய், 2022ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையில் அந்நம்பிக்கையைக் குலைத்தது. செம்பூரை அடுத்த கோவண்டியில் அக்டோபர் மாதக் கடைசியில் ஒரே குடும்பத்துக் குழந்தைகள் மூவர் அடுத்தடுத்து இறந்தனர். நவம்பரில் ஒன்றிய அரசின் நிபுணர் குழு வந்தது. கஸ்தூர்பா மருத்துவமனையின் தனிப்பிரிவு குழந்தைகளால் நிரம்பியது. நோய் பல வார்டுகளுக்குப் பரவிப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலிகொண்டது.

தட்டம்மை வைரஸ் காற்றில் பரவுவது. நோயுற்ற குழந்தை இருமிச் சென்ற அறையில் அது இரண்டு மணி நேரம் வரை தங்கக்கூடும் என்பதால், காலைப் பள்ளி முடிந்து பிற்பகல் வகுப்பினர் அதே அறையில் வந்து அமரும்போது முன்னவரின் நோய் பின்னவரை அடைய வழியுண்டு. வேப்பிலை செருகி, வெளியாரை அண்டவிடாமல் குழந்தையைத் தனியே கிடத்தும் தமிழர் வழக்கத்தில் நோய்ப்பரவலைத் தடுக்கும் அறிவு உண்மையாகவே உண்டு. ஆனால், தடிப்புகள் தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தட்டம்மை தொற்றத் தொடங்கிவிடுவதால், வேப்பிலை வாசலுக்கு வரும்போது பள்ளியில் அது பரவி முடிந்திருக்கும்.

எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு இதனைத் தருவார் என்று மதிப்பிடுகின்றனர். ஆகவே நூற்றுக்கு 95 பேருக்கேனும் பாதுகாப்பு இருந்தால்தான் நோய் பரவ இடமின்றி அடங்கும். ஒன்பது மாதம் நிறைந்ததும் இடப்படும் தடுப்பூசியின் முதல் தவணை ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கே பலன் தருகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் சிலருக்கு அவ்வயதிலும் எஞ்சியிருந்து தடுப்பூசியைச் செயலிழக்கச் செய்வது இதற்கு ஒரு காரணம். அறுபது பேர் கொண்ட வகுப்பில் அனைவரும் ஒரு தவணை மட்டும் பெற்றிருந்தால், தடுப்பூசி அட்டையில் குறையேதும் தெரியாமலே ஒன்பது பேர் பாதுகாப்பின்றி இருப்பர். 16 முதல் 24 மாதத்திற்குள் இடப்படும் இரண்டாம் தவணை அந்த ஒன்பது பேரைத் தேடிச் செல்லும் ஊசி. முதலாவதற்குக் கூடுதல் வலுவூட்டுவது என்று அதனைக் கருதித் தள்ளிப்போடுவதே பெற்றோர் பலரிடம் காணும் பிழை.

2018 நவம்பரில் மகாராட்டிரம் தொடங்கிய தட்டம்மை–ருபெல்லா இயக்கம் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்டோர்க்குப் பள்ளிகளிலும் ஊசியிட்டது. அதன் பின் பிறந்தோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. 2019இன் பிற்பாதியில் பிறந்த குழந்தைக்கு முதல் தவணை விழவேண்டிய 2020ஆம் ஆண்டு, மும்பையின் தாராவி கொரோனாவால் அடைபட்டுக் கிடந்த ஆண்டு. தடுப்பூசி முகாம்கள் தடைப்பட்டன, குடும்பங்கள் பல ஊருக்குத் திரும்பின. அத்தலைமுறையே இன்று தொடக்கப்பள்ளிகளில் இருக்கிறது. சேர்க்கையின்போது பிறப்புச் சான்றையும் ஆதாரையும் கேட்கும் பள்ளி, தடுப்பூசி அட்டையையும் அதே கண்டிப்புடன் கேட்டு, விடுபட்ட தவணையை அருகிலுள்ள மாநகராட்சி நல நிலையத்தில் போடச் செய்தாக வேண்டும். அட்டை ஊரில் தங்கிவிட்டது என்பது குழந்தையைத் திருப்பி அனுப்பக் காரணமாகாது. முன்பே போட்டிருந்தாலும் மற்றொரு தவணை தீங்கு செய்யாது என்பதால், ஐயமிருப்பின் போட்டுவிடுவதே முறை.

நோய் இறங்கிய பின்னும் அதன் சேதம் நிற்பதில்லை. தட்டம்மை பிற நோய்களுக்கு எதிராக உடல் சேர்த்துவைத்த நினைவையே அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்ததைக் காட்டியது. நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் பின்தொடர்வது இதனாலும் ஆகும். நோயுற்ற குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுப்பது உயிரிழப்பைக் குறைக்கவே.

ஆயினும் மிகுந்த ஆபத்து பள்ளிப்பிள்ளைக்கு மட்டுமன்று. பத்தடி நீள அறையில் ஐந்தாறு பேர் உறங்கும் தாராவி வீட்டில், ஒன்பது மாதம் நிறையாத தங்கைக்கு வழக்கமான அட்டவணையில் ஊசியே கிடையாது. 2022இல் சிறுகுழந்தைகளிடையே நோய் மிகுந்த பகுதிகளுக்கு மட்டும் ஆறு மாதத்திலேயே ஒரு தவணை தர ஒன்றிய அரசு அறிவுறுத்தியது. பிற காலங்களில் அக்குழந்தைக்கு அரணாக நிற்பது, புத்தகப்பையைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே தொட்டிலுக்கு ஓடும் அண்ணனின் கையில் விழுந்த இரண்டு ஊசிகளே.