புத்தொழிலாரின் "நிலைத்த தன்மை"க் கணக்கு

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அதைச் சூழ்ந்த கிராமங்களில் நெல், மணிலாக்கொட்டை, முந்திரி ஆகியவை பயிராகின்றன. சூளைக்கு எரிபொருள் வேண்டும். கிராமங்களிலோ உமி, மணிலாத் தோல், முந்திரி ஓடு ஆகியவை கிடைக்கின்றன. இவ்விரண்டையும் இணைக்க முற்படும் ஒரு புத்தொழிலை உதாரணமாகக் கொள்ளலாம்.

இத்தகைய தொழிலை நடத்துவோர் முதலீட்டாளரை அணுகும்பொழுது, "நிலைத்த தன்மை"யைப் பெரும்பாலும் மூன்று படிகளில் எடுத்துரைப்பர். முதலாவது, நிலக்கரியாலும் எண்ணெயாலும் விளையும் கெடுதல். இரண்டாவது, தங்கள் முறையால் குறையும் கரியமில வாயுவின் அளவு. மூன்றாவது, அவ்வளவிலிருந்து பிறக்கும் லாபம். அதாவது எரிபொருள் மிச்சமும் கார்பன் கிரெடிட் விற்பனையும். பெரிய கம்பெனிகளும் இத்தகைய கணக்கை நாடுகின்றன. பங்குச் சந்தையில் முன்னணியிலுள்ள 1,000 கம்பெனிகள் 2022-23-ம் வருஷம் முதல் இது குறித்து அறிக்கை தரவேண்டுமென்று செபி 2021-ல் விதித்தது.

இக்கணக்கு விவசாயிகளையும் நேரே பாதிக்கக்கூடியது. 2002-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத் திருத்தத்தின்படி ஏற்பட்ட உற்பத்தியாளர் கம்பெனிகள், பல வருஷங்களுக்குக் கழிவு தருவதாக ஒப்பந்தம் செய்துகொள்ளுமாறு கேட்கப்படலாம். கணக்கு பிசகினால், அங்கத்தினரின் பங்குப் பணமும் சேர்ந்தே நஷ்டமாகும்.

ஆகவே, கையொப்பமிடுமுன் ஆராய வேண்டியவை வருமாறு:

1. அளவு. ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமியே கிடைக்கும். அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல் மிஞ்சும். கோரப்படும் கழிவு உண்மையில் விளையுமா என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் அடங்கலைக் கொண்டு சரிபார்க்கலாம்.

2. தற்போதைய உபயோகம். உமி ஏற்கெனவே அரிசி ஆலைக் கொதிகலன்களில் எரிகின்றது. அதை வேறிடம் கொண்டுசென்றால் ஆலை எதை எரிக்கும்? அது நிலக்கரியாயின், மிச்சம் காகிதத்தில் மட்டுமே நிற்கும்.

3. போக்குவரத்து. உமி பாரம் குறைந்தது. இடத்தையோ அதிகம் அடைக்கும். லாரிக்கூலியும் டீசல் புகையும் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும்.

4. உஷ்ணம். பீங்கான் சுடுவதற்கு 1,200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் வேண்டும். உமியை நேரே எரித்து அதைச் சீராக நிலைநிறுத்துவது எளிதன்று. சூளையில் சோதித்த முடிவையே கேட்கவேண்டும். உத்தேசக் கணக்கு போதாது.

ஆதாரமின்றி "பசுமை" என விளம்பரம் செய்வதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறைகள் தடுக்கின்றன. ஆயினும் அவை விளம்பரங்களைப் பற்றியவை. முதலீடு வேண்டிப் பேசும் பேச்சைச் சோதிக்கும் பொறுப்பு கேட்பவரையே சாரும்.

மேற்கண்டவற்றிற்கு அளந்த எண்களுடன் விடை தருபவரோடு ஒப்பந்தம் செய்துகொள்வதில் தயக்கம் வேண்டுவதில்லை. ஆயினும் முதலில் ஒரு பருவத்திற்கு மட்டும் செய்துகொண்டு, பலனைக் கண்டபின் நீட்டிப்பதே உசிதம்.